மஞ்சள் துணியில் ஐந்து மயில்கள்

சென்னிமலைக் கவுண்டர் தம் வாழ்நாளில் இரண்டே முறைதான் அரசாங்கத்தின் முன்னால் போய் நின்றார். முதல் முறை அவருக்கு மாலை போட்டார்கள். இரண்டாம் முறை கூண்டில் ஏறச் சொன்னார்கள். இரண்டுக்கும் காரணம் ஒரே பொடி. அடுப்புக்கரி மாதிரிக் கறுத்து, பூண்டு வாடை அடிக்கும் எலி மருந்து.

சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலையைப் பார்த்து நடந்தால், மலை தொடங்குவதற்கு முன்பே, மந்தையை விட்டுப் பிரிந்து வந்த ஆடு மாதிரி ஒரு கரடு தனியாக நிற்கும். அதன் உச்சியில் முருகன் கோயில். அடியில் செம்மாங்காடு என்ற ஊர். அங்கே கவுண்டருக்கு நாலு ஏக்கர் காடும் ஒரு கிணறும் இருந்தன. அவருக்கு முன் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. மூன்றாவதாவது நிலைக்க வேண்டும் என்று அவருடைய அம்மா சென்னிமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டு அந்தப் பெயரையே வைத்தாள். அதனாலோ என்னவோ, முருகனை அவர் சாமியாக நினைத்ததைவிடச் சொந்தக்காரராக நினைத்ததுதான் அதிகம். மழை பெய்யாவிட்டால் கரட்டைப் பார்த்துத் திட்டுவார். பெய்தால், "இப்பவாச்சும் தோணுச்சே" என்பார்.

தைப்பூசத்துக்குச் செம்மாங்காட்டிலிருந்து கபிலர்மலைக்கு நடந்து போகும் காவடிகளில் முதல் காவடி அவர் குடும்பத்துக்கு உரியது. அதற்குக் கட்டும் மயில்தோகையை அவர் கடையில் வாங்கியதே இல்லை. ஆவணியிலும் புரட்டாசியிலும் கரட்டு மயில்கள் தோகை உதிர்க்கும். வரப்பிலும் வேலியிலும் கிடப்பதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, நீளமான மூங்கில் குழாயில் செருகி, வீட்டுப் பரணான அட்டாலியில் வைத்துக்கொள்வார். அந்தக் குழாயைத் தொட மனைவி பாப்பாயிக்குக்கூட அனுமதி கிடையாது.

எழுபத்தாறில் மழை நன்றாகப் பெய்தது. அடுத்த வருஷம் கடலை நன்றாக விளைந்தது. எலியும் நன்றாக விளைந்தது. செடியைப் பிடுங்கினால் வேரில் பருப்பில்லாத கூடு மட்டும் வந்தது. அப்போதுதான் கிராம சேவக் யாகப்பன் எலி ஒழிப்பு வாரத்தோடு வந்தார்.

யாகப்பன் சேலம் டவுன்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை கண்டுவிட்டு, திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, யூனியன் ஆபீஸில் நிறுத்தியிருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாரம் முழுக்க ஊர் ஊராகச் சுற்றுவார். குப்பையைக் கொளுத்தாதே, குழியில் போட்டு மட்க வை, பூமியிலிருந்து எடுத்ததைப் பூமிக்கே திருப்பிக் கொடு என்பது அவருடைய முதல் பாடம். அந்தப் பாடத்தைச் சொன்ன அன்றைக்கே குழி வெட்டிய ஒரே ஆள் சென்னிமலைக் கவுண்டர்தான். சந்தோஷத்தில் யாகப்பன் ‘மாதிரி எருக்குழி’ என்று பச்சைப் பெயிண்டில் எழுதி ஒரு தகரப் பலகை நட்டுவிட்டுப் போனார்.

"ஊட்டுக்குப் பேர்ப்பலகை இல்ல. குப்பைக்குப் பேர்ப்பலகை" என்று பாப்பாயி ஒரு மாதம் சிரித்தாள்.

எலி ஒழிப்பு வாரத்துக்கு ஜீப்பில் பெரிய அதிகாரிகள் வந்தார்கள். மைக் கட்டினார்கள். கொன்ற எலியின் வாலை அறுத்து யூனியன் ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும், அதிக வால் கொண்டுவருகிறவருக்குக் கலெக்டர் கையால் பரிசு என்று அறிவித்தார்கள்.

"ஏனுங்க சார், வால் மட்டும் போதுங்களா? தலை வேண்டாமா சர்க்காருக்கு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"தலை கேட்டா நீங்க முழு எலியையும் கொண்டாந்து கொட்டிடுவீங்க. அப்புறம் ஆபீஸ்ல யாரு உக்கார்றது?" என்றார் யாகப்பன்.

பிறகு கவுண்டரின் காட்டில் செய்முறை விளக்கம் நடந்தது. நொறுக்கிய சோளத்தில் கடலெண்ணெய் விட்டுப் பிசறி, கறுப்புப் பொடியைக் குச்சியால் கலந்து, வளைக்குள் வைத்து மண்ணால் மூட வேண்டும். இரண்டு வளை மூடுவதற்குள் ரோட்டிலிருந்து ஜீப் ஹாரன் அடித்தது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் இன்னும் ஆறு ஊர் பாக்கி. யாகப்பன் கையைத் துடைத்துக்கொண்டே, "எல்லா வளையும் தேடிக்கிட்டு இருக்க முடியலேன்னா, வரப்பு மேல தென்னங்கீத்தப் போட்டு அதுக்கு அடியில கொஞ்சம் கொஞ்சம் வெச்சிடுங்க கவுண்டரே. தின்னுடும்" என்று சொல்லிவிட்டு ஓடினார். போவதற்கு முன், முறைப்படி கற்பித்தேன் என்று அச்சடித்திருந்த தாளில் கையெழுத்துப் போட்டார். கவுண்டரும் அதற்குக் கீழே போட்டார்.

அந்த வருஷம் கவுண்டர் ஒப்படைத்த வால் நானூற்றுப் பன்னிரண்டு. குடியரசு தினத்தன்று கலெக்டர் மாலை போட்டு, ஒரு கைத்தெளிப்பானும் சட்டம் போட்ட சான்றிதழும் கொடுத்தார். சான்றிதழை முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

எண்பதாம் வருஷம் ஆடி மாதம். சித்திரையில் விதைத்த கடலை முற்றிக்கொண்டிருந்தது. மறுபடியும் எலி. முதல் நாள் பொழுது சாயக் கவுண்டர் மருந்து வைத்தார், கொஞ்சம் வளையில், கொஞ்சம் வரப்பில் கீற்றுக்கு அடியில். மூன்று வருஷமாக அப்படித்தான் வைத்துவந்தார். ஆனால் ஆடிக் காற்று கீற்றுகளைப் புரட்டிப் போட்டிருந்தது. விடிந்து போய்ப் பார்த்தால், வாய்க்கால் ஓரத்தில் ஐந்து மயில்கள் கிடந்தன. இரண்டு ஆண், மூன்று பெட்டை. தண்ணீர் தேடி வந்திருக்க வேண்டும். ஓர் ஆணின் தலை வாய்க்காலுக்குள் இருந்தது. தோகை முழுதும் கடலைச் செடிமேல் விரிந்து கிடந்தது.

பாப்பாயி கம்மங்கூழ் கொண்டுவந்தபோது அவர் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருந்தார். தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏனுங்க, யாருகிட்டயாச்சும் சொல்லோணுமா?"

"முருகங்கிட்டச் சொல்லிட்டு வாரேன்."

முன்பொரு முறை இடி விழுந்து செத்த மயிலுக்கு அவருடைய அப்பா என்ன செய்தாரோ அதையே செய்தார். வீட்டிலிருந்து புது வேட்டி ஒன்றை எடுத்துவந்து, மஞ்சள் கரைத்த தண்ணீரில் நனைத்து ஐந்தாகக் கிழித்தார். ஒவ்வொரு மயிலையும் சுற்றி, கரட்டைப் பார்த்துத் தலை வைத்துப் படுக்க வைத்து, பால் ஊற்றி, மண்ணைத் தள்ளினார். தோகையை மண்ணில் விடக்கூடாது, அது சாமியுடையது என்பது அவர் குடும்பத்து வழக்கம். ஆகவே இரண்டு ஆண் மயிலின் தோகையையும் முன்னாலேயே எடுத்துக் கட்டி வைத்திருந்தார். குளித்து, ஈர வேட்டியோடு, அந்தக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு, ஊர் நடுவே நடந்து கரட்டில் ஏறினார். எதையும் மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

கோயிலில் ஃபாரஸ்ட் கார்டு வீரபாகு இருந்தார். மலையடிவாரத்துச் செக்போஸ்ட்டில் வேலை. கிருத்திகை தவறாமல் கரட்டுக்கு வருகிறவர்.

"என்ன கவுண்டரே, தோகை அமோகமா இருக்கு. எங்க பொறுக்கினீங்க?"

"பொறுக்கலீங்க. அஞ்சு மயிலு நம்ம காட்டுல செத்துக் கெடந்துச்சு. எலிக்கு வெச்சதத் தின்னுப்போட்டுதுங்க. பாலு ஊத்திப் பொதச்சுட்டு வாரேன்."

வீரபாகு ஒரு தோகையை உருவித் திருப்பிப் பார்த்தார். உதிர்ந்த தோகையின் அடி காய்ந்து வெளுத்திருக்கும். இதில் சதை ஒட்டி, ரத்தம் உறைந்திருந்தது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாக இறங்கியது.

"இத எங்கிட்டச் சொல்லியிருக்க வேணாமே, கவுண்டரே."

"ஏனுங்க?"

"காதுல வாங்கிட்டேனே." அவர் தோகையைக் கீழே வைக்க மனமில்லாமல் கையிலேயே வைத்திருந்தார். "மூணு வருஷமா எங்க ரேஞ்சுல ஒரு கேஸ் இல்லையேன்னு மேலருந்து கடுதாசி மேல கடுதாசி. எம் பேரப் பாருங்க, வீரபாகு. முருகனோட படைத்தளபதி. நான் போயி இத எழுதணும் பாருங்க."

எழுதினார். மறுநாள் காலையில் ரேஞ்சர் வந்தார். மண்வெட்டியைக் கவுண்டரே எடுத்துக் கொடுத்தார்.

"மெதுவாத் தோண்டுங்க சாமி. தலை அந்தப் பக்கம்."

மஞ்சள் மூட்டைகள் ஐந்தும் வரப்பில் வரிசையாக வைக்கப்பட்டன. ரேஞ்சர் அவற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எதுக்குப் பொதச்சே?"

"பின்ன எறியவாங்க? முருகனோட வாகனமுங்க."

"இது இப்ப கவர்மெண்டோட பறவை. செத்தா எங்களுக்குச் சொல்லணும். பொதைக்கக் கூடாது, எறியக் கூடாது, ஒரு எறகு எடுக்கக் கூடாது."

அப்படி ஒரு சட்டம் வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. அதைச் சொல்ல எந்த ஜீப்பும் மைக் கட்டிக்கொண்டு செம்மாங்காட்டுக்கு வந்ததில்லை. மாதிரி எருக்குழியையும் கிளறிப் பார்த்தார்கள். வீட்டிலிருந்து மிச்ச மருந்தையும் கலெக்டர் கொடுத்த சான்றிதழையும் எடுத்துக்கொண்டார்கள். அட்டாலியில் இருந்த மூங்கில் குழாயும் போனது. பறிமுதல் மகஜரில், சாட்சியத்தை மறைக்கும் நோக்கத்தோடு புதைத்ததாக எழுதினார்கள். மஞ்சளைப் பற்றியும் பாலைப் பற்றியும் அதில் ஒரு வார்த்தை இல்லை.

ஊருக்குள் முதலில் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. "எலி வாலுக்கு மாலை போட்டாங்க, மயில் தோகைக்கு வெலங்கு போடுறாங்க. இனி ஆட்டு வால அறுக்கறதுன்னாலும் யோசிச்சுத்தான் அறுக்கோணும்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஜாமீனில் வந்த கவுண்டரும் சேர்ந்து சிரித்தார். தை பிறந்ததும்தான் சிரிப்பு நின்றது. கோயிலில் கூடிய ஊர்க்காரர்கள் யாரும் கடிந்து பேசவில்லை. "தீர்ப்பு வரட்டுங்க. வந்த மறுநாளே நீங்க தூக்கிக்குங்க" என்றார்கள். அந்தத் தைப்பூசத்துக்கு இரண்டாம் காவடி முதலில் போனது. அவருடைய காவடி கோயில் விட்டத்தில் தோகையில்லாமல் வெறும் வில்லாகத் தொங்கியது.

வக்கீல் முதல் நாளே விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார். "எதிர்த்து நடத்தித் தோத்தா ஆறு மாசத்துக்குக் கொறையாம ஜெயில். ஒத்துக்கிட்டா, முதல் குத்தம், வயசானவர்னு நன்னடத்தை ஜாமீன்ல விடச் சொல்லிக் கேக்கலாம். நீங்க, ஆமா கொன்னேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"அத மட்டும் சொல்லச் சொல்லாதீங்க."

"ஜெயிலுக்குப் போறீங்களா?"

"ஜெயிலுக்குப் போனாத் திரும்பி வரலாமுங்க. அந்த வார்த்தையச் சொல்லிப்போட்டு நான் எந்த மூஞ்சியோட காவடி தூக்கறது?"

அப்படித் தொடங்கிய வழக்கு ஏழு வருஷம் நடந்தது. நாமக்கல் கோர்ட்டுக்கு அவர் எத்தனை தடவை பஸ் ஏறினார் என்பது அவருக்கே மறந்துவிட்டது. ஒரு தடவை ரேஞ்சர் பயிற்சிக்குப் போயிருப்பார். ஒரு தடவை நீதிபதி மாற்றலாகியிருப்பார். மருந்தைச் சோதித்த காகிதம் மெட்ராஸிலிருந்து வராததால் ஒன்றரை வருஷம் போனது. திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரிக்கு வேலைக்குப் போன மகன் ஆந்திராவிலிருந்து கடிதம் போட்டான்: "ஒத்துக்கொண்டு முடித்துவிடுங்கள் அப்பா." அவர் பதில் போடவில்லை. வாய்தாவுக்கு வாய்தா மேசைமேல் அவருடைய தோகைக்கட்டு, சீட்டு ஒட்டி, சணல் கட்டி வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் அது இளைத்திருக்கும். பூச்சி தின்றுகொண்டிருந்தது. அரசுத் தரப்பு வக்கீல் கலெக்டரின் சான்றிதழைத் தூக்கிக் காட்டி, இவர் விஷம் வைப்பதில் கைதேர்ந்தவர் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று கேட்டார்.

காட்டில் மயில்கள் பெருகின. விதைத்த கடலையை வரிசை தப்பாமல் கிளறித் தின்றன. பாப்பாயி மண்ணாங்கட்டியோடு ஓடுவாள்.

"எடுக்காத புள்ள. கேஸ் நடக்குது."

"கேஸு உங்க மேலதான? எம்மேல இல்ல. கட்டியும் நம்ம காட்டுக் கட்டி."

"பட்டுத் தொலச்சுதுன்னா?"

அவள் கட்டியைக் கீழே போட்டுவிட்டு வெறும் கையைத் தட்டுவாள். மயில்கள் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று அவளைப் பார்க்கும். மருந்து வைப்பதையும் கவுண்டர் விட்டுவிட்டதால் எலிகளும் திரும்பி வந்தன. கடலையை விட்டுவிட்டு மரவள்ளிக் குச்சிக்கிழங்கு போட்டார். எலி கிழங்கையும் மண்ணுக்குள்ளேயே குடைந்தது.

அவரைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சி யாகப்பன். வரப்பில் வைக்கச் சொன்னது அவர் வாய். அதற்குள் அவர் தர்மபுரிப் பக்கம் மாற்றலாகிப் போயிருந்தார். எண்பத்தேழு ஐப்பசியில், நாலு சம்மனுக்குப் பிறகு, கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் வந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு கை சட்டைப் பைக்குள் செபமாலையைப் பிடித்திருந்தது.

"கவுண்டரே, நான் சொன்னது எனக்கு மறக்கல. ஏழு வருஷமா மறக்கல."

"தெரியுமுங்க சார்."

"வளைக்குள்ள வெச்சு மூடச் சொல்லித்தான் கத்துக்கொடுத்தேன்னு அந்தத் தாள்ல என் கையெழுத்து இருக்கு. இப்ப கூண்டுல ஏறி வரப்புல வெக்கச் சொன்னேன்னா, அன்னிக்குப் பொய்க் கையெழுத்துன்னு ஆயிடும். ரிட்டயர் ஆக ஒன்பது மாசம். பென்சன் போயிடும். ரெண்டாவது பொண்ணுக்கு இப்பத்தான் இடம் அமைஞ்சிருக்கு." அவர் பைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தார். "ஆனாலும் சொல்றேன். நீங்க சொல்லச் சொன்னாச் சொல்றேன்."

கவுண்டர் அவருடைய செருப்பைப் பார்த்தார். தேய்ந்த செருப்பு. வார் ஓரிடத்தில் கம்பியால் கட்டியிருந்தது. சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, எருக்குழியில் இறங்கி, தம் கையாலேயே சாணியைப் பரப்பிக் காட்டிய மனிதர்.

"அந்தத் தாள்ல எங்கையெழுத்தும் இருக்குதுங்களே சார்" என்றார் கவுண்டர்.

பிறகு வக்கீலிடம் போய், "சாட்சி வேண்டாமுங்க. நான் சொல்லிப்போடறேன்" என்றார். இரக்கப்பட்டுத்தான் சொன்னாரா என்று பின்னால் பாப்பாயி கேட்டபோது, "அவரப் பாத்ததும் காலு அசந்துபோச்சு புள்ள. வேற ஒண்ணுந் தெரியல" என்றார்.

பிற்பகலில் கூப்பிட்டார்கள். குமாஸ்தா குற்றச்சாட்டைப் படித்தார். நீதிபதி இளவயதுக்காரர். தலையைத் தூக்கி, "மயில்களைக் கொன்றது நீங்கள்தானா?" என்று மரியாதையாகவே கேட்டார்.

"கொன்னேனுங்க."

ஒரு வருஷத்துக்கு நன்னடத்தை ஜாமீன். பறிமுதல் செய்த பொருட்களை அழித்துவிட உத்தரவு. அந்தத் தோகையைக் கொடுக்க முடியுமா என்று கவுண்டர் கேட்டதற்கு, "உத்தரவு வந்துருச்சுங்க" என்றார் குமாஸ்தா. கட்டடத்துக்குப் பின்னால் கொளுத்தினார்கள். பெரும்பாலும் ஈர்க்குதான் மிஞ்சியிருந்தது. ஒரு நிமிஷத்தில் எரிந்து முடிந்தது. முடி கருகும் நாற்றம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர் மூக்கில் இருந்தது.

அந்த வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்று ஏழு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். அது குடிக்கத் தண்ணீர் கேட்கிற மாதிரி எளிதாக வந்துவிட்டது. அதுதான் அவரைக் கலக்கியது. ஜெயிலுக்குத் தப்பிக்கச் சொன்ன பொய் என்று பஸ்ஸில் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். சேந்தமங்கலம் வருவதற்குள் அதில் சந்தேகம் வந்துவிட்டது. சோளத்தை நொறுக்கியது யார்? தின்பதற்கு ருசியாக இருக்கட்டும் என்று நல்ல கடலெண்ணெயாகப் பார்த்து ஊற்றியது யார் கை? மருந்து கொன்றது, காற்று கொன்றது, சேவக் சொன்னார், சர்க்கார் கொடுத்தது என்று இத்தனை வருஷமும் சொல்லிவந்தவர், அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தம்மையும் அந்த வரிசையில் வைத்துப் பார்த்தார்.

தைப்பூசத்துக்கு முன் ஊர்க்காரர்கள் வீட்டுக்கே வந்தார்கள்.

"கேஸ் முடிஞ்சுதல்லங்க. இந்த வருஷம் நீங்கதான் தூக்கோணும். கோர்ட்டுல சொன்னது பொய்யின்னு ஊருக்கே தெரியும்."

"அது பொய்யின்னு எனக்குத் தெரியோணுமே" என்றார் கவுண்டர்.

காவடிகள் அவர் காட்டை ஒட்டிய ரோட்டில்தான் போயின. மேளச் சத்தம் தேயும்வரை அவர் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஆடியில் புது வேளாண் அலுவலர் மோட்டார் சைக்கிளில் வந்தார். நல்ல பையன், சிரித்த முகம். கையில் ஒரு பட்டியல் இருந்தது. "ஐயா பேரு எங்க லிஸ்ட்ல முதல்ல இருக்குதுங்க. எலி ஒழிப்புல கலெக்டர் கையால பரிசு வாங்கினவர். நீங்களே ஆரம்பிச்சு வெச்சிடுங்க" என்று ஒரு பொட்டலத்தை அவர் கையில் வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

கவுண்டர் பொட்டலத்தோடு வாசலில் நின்றார். பூண்டு வாடை அடித்தது. காட்டில் வைக்க முடியாது. குழியில் போட்டு மூடலாம் என்றால், புதைத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். எருக்குழியில் போட்டால் எரு கெடும். வாய்க்காலில் போட்டால் தண்ணீர். அடுப்பில் போட்டால் புகை. திருப்பிக் கொடுக்கலாம் என்றால், வாங்கிக்கொள்ள ஆபீஸில் அதற்கொரு நோட்டுப் புத்தகம் கிடையாது. பாப்பாயி இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டாள். கடைசியில் மோட்டார் அறையில், யார் கைக்கும் எட்டாத உயரத்தில், ஓர் ஆணியில் மாட்டிவைத்தார்.

மறு வருஷம் சித்திரையில் அவர் இறந்தார். குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க மோட்டார் அறையைத் திறந்தவர்கள் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தார்கள். இதை எங்கே போடுவது என்று பாப்பாயியைக் கேட்டார்கள்.

"அவருக்கே தெரியலீங்க" என்றாள். "அது அங்கயே இருக்கட்டும்."